ஸ்வீடிஷ் நெடுஞ்சொற்களை எங்கே பிரிப்பது? – வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு ஸ்வீடிஷ் கூட்டுச்சொற்கள் பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஸ்வீடிஷ் சொற்களைத் தமிழில் எழுதும்போது ஒலிப்புக்கு எவ்வளவு நெருக்கமாக எழுத முடியுமோ அவ்வளவு எழுதியிருக்கிறேன். பகுதிகள் ஒட்டுகிற இடத்தில் கூட்டல் குறி போட்டிருக்கிறேன்.

கேள்வி: ஸ்டாக்ஹோமுக்குக் குடிவந்து, குடிவந்தவர்களுக்கு ஸ்வீடிஷ் கற்பிக்கும் எஸ்எஃப்ஐ வகுப்பில் படிக்கிறேன். சின்னச் சொற்கள் பிடிபட்டுவிட்டன. ஆனால் அரசு அலுவலகங்களிலிருந்து வரும் கடிதங்களில் ஒரே சொல் அரை வரிக்கு ஓடுகிறது. அசை அசையாக எழுத்துக்கூட்டிப் படித்தாலும் பொருள் மட்டும் வருவதில்லை. எங்கிருந்து தொடங்குவது? – வாசகி, ஸ்டாக்ஹோம்

பதில்: அசையிலிருந்து தொடங்காதீர்கள். சொல்லைத் திருத்தமாக உச்சரிக்க அசை உதவும், பொருளுக்கு அது வழி காட்டாது. நீங்கள் தேட வேண்டியது மூட்டு, அதாவது ஒரு முழுச்சொல் முடிந்து இன்னொரு முழுச்சொல் தொடங்குகிற இடம்.

உங்கள் கையில் கட்டாயம் வந்திருக்கக்கூடிய சொல்லையே எடுத்துக்கொள்வோம்: உப்பெஹொல்ஸ்தில்ஸ்தொன்ட். வசிப்பிட அனுமதி. 18 எழுத்து, அசை ஐந்துதான்: உப்-பெ-ஹொல்ஸ்-தில்-ஸ்தொன்ட். இந்த ஐந்தையும் தனித்தனியாக அகராதியில் தேடினால் 'மேலே', 'பிடி', 'வரை', 'நிலை' என்று உதிரிகள்தான் கையில் நிற்கும். பெரிய மூட்டு ஒன்றே ஒன்றுதான்: உப்பெஹொல் + ஸ் + தில்ஸ்தொன்ட். முதல் பகுதி தங்கியிருத்தல், கடைசிப் பகுதி அனுமதி, நடுவில் நிற்கும் எஸ் ஒட்டு. இந்த இரண்டும்கூட ஒரு காலத்தில் சிறிய துண்டுகள் சேர்ந்து உண்டானவைதான், ஆனாலும் அதற்குக் கீழே இறங்கி உடைக்காதீர்கள். இன்று பேசுகிறவர்களுக்கு அவை ஒவ்வொன்றும் முழுச்சொல். அங்கேயே நிறுத்திக்கொள்வதுதான் சரி.

அப்புறம், எப்போதும் கடைசியிலிருந்து படியுங்கள். ஸ்வீடிஷில் கடைசிப் பகுதிதான் அது என்ன பொருள் என்று சொல்லும், முன்னால் நிற்பவை எல்லாம் அதற்கு அடைமொழி. பூஸ்தாட்ஸ்ரெட்ஸ்ஃபோரேனிங் என்று ஒரு சொல் வீடு வாங்குகிற எல்லோர் முன்னாலும் வந்து நிற்கும். கடைசியில் ஃபோரேனிங், சங்கம். சரி, என்ன சங்கம்? அதற்கு முன்னால் ரெட், உரிமை. எதன் மேல் உரிமை? பூஸ்தாட், குடியிருப்பு. அடுக்குமாடிக் கட்டடத்தைக் கூட்டாக வைத்திருந்து, குடியிருக்கும் உரிமையை உறுப்பினர்களுக்கு விற்கிற சங்கம் என்று புரிந்துவிடுகிறது. இடையில் இரண்டு இடத்தில் எஸ் நிற்கிறது, இரண்டும் மூட்டைக் காட்டுகின்றன. ஃபோர்சேக்ரிங்ஸ்கஸ்ஸான் என்ற அலுவலகப் பெயரும் இப்படித்தான்: கடைசியில் நிதியம், முன்னால் காப்பீடு, நடுவில் எஸ். மிரட்டுவது நீளம் மட்டும்தான், உள்ளே இருப்பவை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்கள்.

கேள்வி: கூட்டுச்சொல்லுக்கு 'என்' போடுவதா 'எத்' போடுவதா? – வாசகர், சென்னை

பதில்: ஸ்வீடிஷ் பெயர்ச்சொல் ஒவ்வொன்றும் 'ஒரு' என்ற பொருளில் முன்னால் 'என்' அல்லது 'எத்' எடுக்கும். கூட்டுச்சொல்லில் கடைசிப் பகுதிக்கு எதுவோ அதுவே. போத் என்றால் படகு, அது 'என்'. ஹூஸ் என்றால் வீடு, அது 'எத்'. ஹூஸ்+போத் வீடாக இருக்கிற படகு, எனவே 'என்'. திருப்பிப் போட்டுப் போத்+ஹூஸ் என்றால் படகு நிறுத்தும் கொட்டகை, எனவே 'எத்'. பன்மை விகுதியும் அப்படியே. முன்னால் ஐந்து சொல் நின்றாலும் இந்த விதி மாறாது.

கேள்வி: நடுவில் வரும் அந்த எஸ் என்னைப் படுத்துகிறது. ஒரு சொல்லில் இருக்கிறது, அதே மாதிரி இன்னொன்றில் இல்லை. விதி உண்டா, மனப்பாடம்தானா? – மாணவர், உப்சாலா

பதில்: எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் இலக்கணத்தில் சாரியை என்று படித்திருப்போம். 'மரத்தை' என்பதில் வரும் அத்து போல, தனக்கென்று பொருள் இல்லாமல் பகுதிகளைச் சேர்த்துக்கொடுப்பது. இந்த எஸ்ஸும் அந்த வேலையைச் செய்வதுதான். பழைய ஆறாம் வேற்றுமை உருபிலிருந்து வந்தது, இப்போது உடைமைப் பொருள் தேய்ந்துபோய் ஒட்டாக மட்டும் நிற்கிறது.

எப்போது வரும்? இரண்டு சூழல்களை மட்டும் பிடித்துக்கொண்டாலே நிறையச் சொற்கள் வசப்படும். முதலாவது, முதல் பகுதியே ஒரு கூட்டுச்சொல்லாக இருப்பது. வீன் என்றால் வைன், கிளாஸ் என்றால் கண்ணாடிக் குவளை, இரண்டும் சேர்ந்தால் வீன்கிளாஸ். எஸ் இல்லை. ஆனால் சிவப்பு வைனுக்கான குவளை ரோட்வீன்ஸ்கிளாஸ், இங்கே எஸ் வந்துவிட்டது. ஏனென்றால் ரோட்+வீன் முதலில் சேர்ந்து ஒரு சொல்லாகிவிட்டது, அந்த முழுச்சொல்லோடு கிளாஸ் சேர்கிறது, பெரிய மூட்டு எங்கே இருக்கிறது என்று எஸ் நின்று காட்டுகிறது. குவளையே சிவப்பாக இருந்தால் அதைச் சொல்ல இரண்டு சொல் வேண்டும்: 'ரொத் வீன்கிளாஸ்'.

இதைவிட அழகான ஜோடி ஒன்று உண்டு. பார்ன் என்றால் குழந்தை, பூக் என்றால் புத்தகம், குளுப் என்றால் கிளப். பார்ன்பூக்குளுப் என்று எஸ் இல்லாமல் எழுதினால் பார்ன் + பூக்குளுப், குழந்தைகளுக்கான புத்தக கிளப். பார்ன்பூக்ஸ்குளுப் என்று எஸ் சேர்த்தால் பார்ன்பூக் + ஸ் + குளுப், குழந்தைப் புத்தகங்களுக்கான கிளப், அதில் பெரியவர்களும் உறுப்பினராக இருக்கலாம். ஒரே ஒரு எழுத்து அடைப்புக்குறி போல வேலை செய்கிறது!

இரண்டாவது சூழல் இன்னும் உறுதியானது. முதல் பகுதி னிங், ஹேத், ஸ்காப், டூம், ஷூன், இதேத் போன்ற விகுதிகளில் முடிந்தால் எஸ் வரும். தீட்னிங் செய்தித்தாள், தீட்னிங்+ஸ்+ஆர்த்தீக்கெல் செய்தித்தாள் கட்டுரை. ஃப்ரீஹேத் விடுதலை, ஃப்ரீஹேத்+ஸ்+கம்ப் விடுதலைப் போராட்டம். அதனால் நீண்ட சொல்லைப் பார்த்ததும் கண்ணை ஓட்டி 'னிங்ஸ்', 'ஹேத்ஸ்', 'ஷூன்ஸ்' எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுங்கள். அங்கே பென்சிலால் ஒரு கோடு போடலாம், பெரும்பாலும் தவறாது.

எல்லா ஒட்டும் எஸ் இல்லை. 'ஆ' ஒலியில் முடியும் சொற்கள் பல விதமாக மாறும். ஸ்கூலா என்றால் பள்ளி, கூட்டுச்சொல்லில் அந்த ஆ உதிர்ந்து ஸ்கூல்+பார்ன், பள்ளிக் குழந்தை. காத்தா என்றால் தெரு, அது காத்து+கொர்ஸ்னிங் ஆகும், தெருச்சந்திப்பு. வெக்கா என்றால் வாரம், வெக்கொ+ஸ்லூத் வார இறுதி. ஷிர்க்கா என்றால் தேவாலயம், ஷிர்க்கொ+கோர்ட் கல்லறைத் தோட்டம், ஆனால் தேவாலயக் கோபுரத்துக்கு அந்த ஒகரம் இல்லை, வெறும் ஷிர்க்+தூர்ன்தான். உகரமும் ஒகரமும் பழைய வேற்றுமை வடிவங்களின் எச்சம். இவற்றுக்கு விதி தேடிக் களைத்துப்போவதைவிட, சொல் படிக்கும்போதே அதன் கூட்டு வடிவத்தையும் சேர்த்துப் படித்துவிடுவது நல்லது. காத்தா, காத்து, வெக்கா, வெக்கொ என்று ஜோடியாக.

ஒரு எச்சரிக்கை. எஸ் எந்தப் பக்கம் சேரும் என்பதில் சறுக்கலாம். ஃபூத்பொல்ஸ்லாக் என்ற சொல்லில் கடைசிப் பகுதி லாக், அணி. எஸ்ஸைத் தவறாகப் பின்னால் சேர்த்து ஸ்லாக் என்று படித்தால் அடி, போர் என்று வேறு பொருளுக்குப் போய்விடும். ஃபூத்பொல் ஏற்கெனவே கூட்டுச்சொல் (ஃபூத் கால், பொல் பந்து), ஆகவே அதற்குப் பின்னால் ஒட்டு எஸ்தான் வரும் என்று மேலே சொன்ன முதல் சூழலை நினைத்துக்கொண்டால் குழப்பம் தீர்ந்துவிடும்.

கேள்வி: பதிப்பக வேலைக்காக ஸ்வீடிஷ் மெய்ப்பு பார்க்கிறேன். வரியின் நடுவில் இரண்டு மெய்யோடு இருக்கும் சொல், வரி முடிவில் உடைந்தால் மூன்று மெய்யோடு வருகிறது. அச்சுப்பிழையா? – வாசகர், பெங்களூரு

பதில்: பிழையில்லை, தயவுசெய்து திருத்திவிடாதீர்கள். கூட்டுச்சொல்லின் மூட்டில் ஒரே மெய்யெழுத்து மூன்று முறை வர நேர்ந்தால், ஸ்வீடிஷ் எழுத்துமுறை ஒன்றை விட்டுவிடும். வரி முடிவில் அந்த மூட்டில் சொல்லை உடைத்தால் விடுபட்ட எழுத்து திரும்ப வந்துவிடும்.

துக்கும்மி, அதாவது சூயிங்கம். 'மெல்' என்ற பொருள் தரும் முதல் பகுதி இரண்டு ஜி-யில் முடிகிறது, பிசின் என்ற பொருள் தரும் கும்மி ஒரு ஜி-யில் தொடங்குகிறது. சேர்த்து எழுதும்போது இரண்டு ஜி மட்டும். வரி முடிவில் உடைந்தால் கோட்டுக்கு முன்னால் இரண்டு, அடுத்த வரியில் ஒன்று, ஆக மூன்று. இரவு ரயிலுக்கான நத்+தோக் என்ற சொல்லில் டி, பேருந்து நிலையத்துக்கான புஸ்+ஸ்டஷூன் என்ற சொல்லில் எஸ், எல்லாம் இதே கதை. ஆனால் ரயில் நிலையமான யேர்ன்வேக்+ஸ்+ஸ்டஷூன் இதில் சேராது. அங்கே இருப்பது ஒட்டு எஸ் ஒன்று, ஸ்டஷூனின் எஸ் ஒன்று, மொத்தமே இரண்டு, இரண்டும் எப்போதும் இருக்கும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. கிளாஸ் (கண்ணாடி) ஒரே எஸ்ஸில் முடியும், கிளஸ் (ஐஸ்கிரீம்) இரண்டு எஸ்ஸில் முடியும். ஸ்ட்ரூத் என்றால் கூம்பு. கண்ணாடிக் கூம்பையும் ஐஸ்கிரீம் கூம்பையும் சேர்த்து எழுதிப் பாருங்கள், மூன்றாவது எஸ் உதிர்ந்துவிடுவதால் இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகிவிடும். வரி முடிவில் உடைக்கும்போதுதான் கோட்டுக்கு முன் ஒரு எஸ்ஸா இரண்டா என்று பார்த்து எந்தக் கூம்பு என்று தெரியும். சேர்த்து எழுதும்போது ஒளிந்திருந்த செய்தி, உடைக்கும்போது வெளியே வருகிறது.

எங்கே உடைப்பது என்பதற்கு அவர்கள் இரண்டு கோட்பாடு வைத்திருக்கிறார்கள். சொல்லின் உறுப்பு எங்கே முடிகிறதோ அங்கே உடைப்பது ஒன்று. உறுப்பு தெளிவாகத் தெரியாத எளிய சொல்லில் ஒரு மெய்யை மட்டும் அடுத்த வரிக்குத் தள்ளுவது இன்னொன்று, சொம்-மார் (கோடை) என்பது போல. கூட்டுச்சொல்லில் மூட்டுக்குத்தான் முதல் உரிமை. ஆசிரியர் பயிற்சிக்கான லேரார்+உத்பில்ட்னிங் என்ற சொல்லை லேரார்-உத்பில்ட்னிங் என்றுதான் உடைக்க வேண்டும். ஒரு மெய் தள்ளும் கோட்பாட்டை அங்கே கொண்டுபோய் ஆர் எழுத்தைப் பின்னால் தள்ளினால், கண் தடுமாறி வரியைத் திரும்பப் படிக்க வேண்டிவரும். கணினி தானாக உடைத்துக் கொடுப்பதை நம்பி விட்டுவிடாதீர்கள், மெய்ப்பு பார்ப்பவரின் கண் இந்த இடத்தில் கட்டாயம் வேண்டும்.

கேள்வி: எழுத்தில் ஒன்றாக இருக்கும் சொற்களைப் பேச்சில் எப்படிப் பிரித்து அறிகிறார்கள்? – வாசகி, கொழும்பு

பதில்: காதால்தான். ஸ்வீடிஷில் அழுத்தம் விழும் அசையில் ஒன்று உயிர் நீளும், இல்லையென்றால் அடுத்து வரும் மெய் நீளும், இரண்டில் ஒன்று கட்டாயம். அதனால்தான் கிளாஸுக்கு நெடில், கிளஸ்ஸுக்குக் குறில். ஸ்வீடிஷ்காரர்களுக்குப் பிடித்த ஒரு எடுத்துக்காட்டு: 'பீல்' என்று நீட்டி, பீல்+ட்ருல்லெ என்றால் தாறுமாறாக வண்டி ஓட்டுகிறவர். 'பில்ட்' என்று குறிலாக, பில்ட்+ருல்லெ என்றால் படச்சுருள். எழுத்தில் ஒரே சொல், வாயில் இரண்டு.

அதோடு ராகமும் இருக்கிறது. ஸ்டாக்ஹோம் பக்கத்துப் பேச்சில் கூட்டுச்சொல் என்றாலே முதல் பகுதியில் முதன்மை அழுத்தம், கடைசிப் பகுதியில் இரண்டாம் அழுத்தம், குரல் இரண்டு முறை ஏறி இறங்கும். நடுவில் எத்தனை பகுதி இருந்தாலும் அவை தாழ்ந்தே போகும். தனிச்சொற்களிலும் இந்த ராக வேறுபாடு பொருளை மாற்றும்: 'அன்டென்' என்பதை ஒரு விதமாகச் சொன்னால் அந்த வாத்து, இன்னொரு விதமாகச் சொன்னால் அந்த ஆவி. தெற்கே ஸ்கோனே பகுதியில் கூட்டுச்சொல் ராகம் வேறு விதி, ஃபின்லாந்தில் பேசும் ஸ்வீடிஷிலோ இந்த இரட்டை ராகமே கிடையாது, ஆனாலும் அவர்கள் பேசுவது ஸ்வீடன்காரர்களுக்கு நன்றாகப் புரிகிறது. ஆகவே ராகம் பிடிபடவில்லையே என்று தளர்ந்துவிடாதீர்கள். முதலில் குறில் நெடிலைச் சரியாகப் பிடியுங்கள், தமிழ் காதுக்கு அது எளிது.

கேள்வி: இவ்வளவு தொல்லை எதற்கு, இடைவெளி விட்டுத் தனித்தனியாக எழுதிவிட்டால் என்ன? – வாசகர், ஈரோடு

பதில்: பொருள் மாறிவிடும். ஸ்வென்ஸ்க்லேராரெ என்று சேர்த்து எழுதினால் ஸ்வீடிஷ் மொழி கற்பிக்கும் ஆசிரியர், அவர் எந்த நாட்டுக்காரராகவும் இருக்கலாம். 'ஸ்வென்ஸ்க் லேராரெ' என்று பிரித்தால் ஸ்வீடன் நாட்டு ஆசிரியர், அவர் கணக்குப் பாடம் எடுப்பவராகவும் இருக்கலாம். ரோக்ஃப்ரித் சேர்ந்திருந்தால் புகைபிடிக்கத் தடை செய்யப்பட்ட இடம், பிரித்தால் 'தாராளமாகப் புகைபிடி'. ஷூக்ஷோத்தெர்ஸ்கா செவிலியர், பிரித்தால் நோயுற்ற பராமரிப்பாளர். கோழி ஈரலை ஷிக்லிங்+லேவெர் என்று சேர்க்காமல் எழுதினால் கோழி உயிரோடு இருக்கிறது என்று படிக்கலாம்.

ஸ்வீடன்காரர்களே இந்தத் தவறைச் செய்கிறார்கள், அதற்கென்று 'ஸேர்ஸ்க்ரீவ்னிங்' என்று பெயர்கூட உண்டு. ஆங்கிலத் தாக்கத்தைக் காரணம் சொல்பவர்கள் நிறையப் பேர். இதைக் கண்டித்துப் பேசுகிறவர்களைப் பண்டித மனப்பான்மை என்று ஒதுக்கிவிடுவது எனக்குச் சம்மதமில்லை. வாய்ப் பேச்சில் அழுத்தம் செய்கிற வேலையை எழுத்தில் அந்தச் சேர்த்தெழுதல்தான் செய்கிறது, அதை எடுத்துவிட்டால் படிப்பவர் ஊகித்துக்கொண்டே போக வேண்டும்.

பிரிந்து நிற்க அனுமதி உள்ள ஒரே மாதிரியான இடம் உண்டு. பொதுவான பின்பகுதியை ஒரு முறை மட்டும் எழுதும்போது முன்பகுதி ஒரு சிறு கோட்டோடு தனியே நிற்கும். ஸ்வீடனின் 2017-ஆம் ஆண்டு மருத்துவப் பராமரிப்புச் சட்டத்தின் பெயர் 'ஹெல்சூ- ஒக் ஷூக்வோர்ட்ஸ்லாகென்'. ஹெல்சூவுக்குப் பின்னால் உள்ள கோடு, 'இதற்குரிய மீதி பின்னால் வருகிறது' என்று சொல்கிறது. அந்தக் கோட்டை விட்டுவிடக் கூடாது.

கேள்வி: அசையைச் சரியாக எண்ண எளிய வழி சொல்லுங்கள். மகளின் பள்ளித் தாளில் வந்த 22 எழுத்துச் சொல்லை எண்ணி எண்ணித் தோற்றுவிட்டேன். – வாசகர், மால்மோ

பதில்: நீங்கள் அனுப்பிய சொல் மூடெர்ஸ்மோல்ஸுன்டெர்வீஸ்னிங், தாய்மொழிக் கல்வி. வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளுக்குப் பள்ளியில் அந்த மொழியையும் கற்பிக்கும் ஏற்பாடு, தமிழும் அதில் உண்டு. உரிமை இருக்கிறது, மகளுக்குக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

இனி எண்ணுவோம். யாப்பில் வரும் நேரசை நிரையசையை மறந்துவிடுங்கள். ஸ்வீடிஷில் உயிரெழுத்து ஒன்பது, ஒலிக்கும் உயிர் ஒவ்வொன்றுக்கும் ஓர் அசை. மூ-டெர்ஸ்-மோல்ஸ்-உன்-டெர்-வீஸ்-னிங், ஏழு. கவனிக்க வேண்டிய பொறி 'ஷூன்' விகுதி: எழுத்தில் ஐ, ஓ என்று இரண்டு உயிர் இருந்தாலும் ஒலியில் ஒரே அசை. ஸ்டஷூன் என்பதில் மூன்று உயிரெழுத்து, இரண்டு அசை.

மூட்டு இருக்கும் இடத்தில் அசையும் பெரும்பாலும் முறியும், விகுதியில் அப்படியில்லை. ஸ்டாக்ஹோமின் குங்ஸ்ட்ரேட்கோர்டென், அரசரின் தோட்டம், உறுப்பாகப் பிரித்தால் குங்+ஸ்+ட்ரேட்+கோர்ட்+என். அசையாகப் பிரித்தால் குங்ஸ்-ட்ரேட்-கோர்-டென். கடைசியில் 'ட்' முன்னாலிருந்து கழன்று விகுதியோடு போய்ச் சேர்ந்துகொள்கிறது.

கேள்வி: ஸ்வீடிஷின் மிக நீளமான சொல் எது? – பள்ளி மாணவி, நாகர்கோவில்

பதில்: நினைத்தால் யாரும் புதிதாக ஒட்டிக்கொண்டே போகலாம், எனவே எல்லை கிடையாது. பட்டியல்களில் அடிக்கடி வருகிற ஒன்றுக்கு 130 எழுத்து. எண்ணிப் பார்த்தால் 44 அசை, ஒட்டு எஸ் மட்டும் ஆறு. வடக்கு, பால்டிக் கடல், கடலோரப் பீரங்கிப்படை, வான்வழி உளவு, சிமுலேட்டர் என்று தொடங்கி 'கலந்துரையாடலில் முன்வைக்கும் கருத்துக்கான ஆயத்த வேலைகள்' என்று முடியும். வாழ்க்கையில் யாரும் அதைச் சொல்லப்போவதில்லை, சாதனைக்காகக் கட்டியது. அகராதியிலேயே இருக்கிற நீண்ட சொல் வேண்டுமென்றால் ரெயாலிசஷூன்+ஸ்+வின்ஸ்ட்+பெஸ்கத்னிங், 28 எழுத்து, ஒன்பது அசை. மூலதன ஆதாய வரிவிதிப்பு. இது நிஜமாகவே வரி கட்டுகிறவர்களுக்குத் தேவைப்படும் சொல்.

கேள்வி: நான் தேடும் கூட்டுச்சொல் எந்த அகராதியிலும் இல்லை. பகுதிகளைச் சேர்த்துப் பார்த்தாலும் சில சமயம் பொருந்தவில்லை. – வாசகி, கோத்தன்பர்க்

பதில்: இல்லாமல்தான் இருக்கும். 1786-இல் நிறுவப்பட்ட ஸ்வீடிஷ் அகாடமி தொடங்கிய பேரகராதியின் முதல் பகுதி 1893-இல் வந்தது, 39 தொகுதிகளாக 2023-இல்தான் முடிந்தது. அவ்வளவு பெரிய அகராதியிலும் எல்லாக் கூட்டுச்சொல்லையும் அடைக்க முடியாது, இன்று காலை செய்தித்தாளில் ஒருவர் புதிதாகக் கட்டிய சொல் நாளை யாருக்கும் தேவைப்படாமலே போகலாம். அதனால் கடைசிப் பகுதியை முதலில் தேடுங்கள், பிறகு முன்பகுதியை. 1874 முதல் பதிப்பு பதிப்பாக வரும் அகாடமியின் சொற்பட்டியலில் கூட்டுச்சொல்லின் மூட்டில் சிறு செங்குத்துக் கோடு போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துப் பழகினால் பட்டியலில் இல்லாத சொல்லிலும் மூட்டு கண்ணில் படத் தொடங்கும். அகாடமியின் அகராதிகள் மூன்றும் ஸ்வென்ஸ்கா டாட் எஸ்இ என்ற ஒரே தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

பொருந்தாதவை பழைய, நிலைபெற்ற சொற்கள். ஸ்மோர் வெண்ணெய், கோஸ் பெருவாத்து, சேர்ந்தால் ஸ்மோர்கோஸ், அதாவது சாண்ட்விச். ஷோல்ட் கேடயம், பத்தா தேரை, சேர்ந்தால் ஆமை. இவற்றைப் பிரித்துப் பொருள் தேடாமல் முழுச்சொல்லாகவே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல செய்தி என்னவென்றால் இவை பெரும்பாலும் குட்டையானவை, அகராதியில் கட்டாயம் இருக்கும்.